ஈஸ்வரனை அனுமானத்தால் நிரூபிக்க முடியுமா?

(நம் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஏதாவது ஆன்மிகமாக ஒரு முக்கால் மணி நேரம் பேசுங்கோ" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் உபன்யாசகன் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, மத்திய சர்க்காரில் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளில் குறிப்பு எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பண்டிதரிடம் தர்க்கசங்கிரகம் வரை பாடம் கேட்டேன். அதற்கு மேல் படித்ததெல்லாம் மொழிபெயர்ப்புகளின் துணையோடுதான். ஆகவே சாஸ்திரம் முறையாகப் படித்தவர்கள் இங்கே இருந்தால், தப்பு கண்ட இடத்தில் தயங்காமல் திருத்த வேண்டும்.

இந்த விஷயத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் பேரன். பொறியியல் படிக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் ஆவணி அவிட்டத்துக்கு வந்தவன், "தாத்தா, உங்களுக்காகப் பூணூல் மாத்திக்கறேன். ஆனா ஈஸ்வரன் இருக்கார்னு உங்களால நிரூபிக்க முடியுமா?" என்று கேட்டான். குதர்க்கமாகக் கேட்கவில்லை. பணிவாகத்தான் கேட்டான். நானும் நாம் எல்லோரும் சொல்வதைச் சொன்னேன். "ஒரு கடிகாரம் இருந்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருக்கிறான் அல்லவா? அப்படியானால் இத்தனை ஒழுங்கான பிரபஞ்சத்துக்கு?"

அவன் இரண்டே கேள்வி கேட்டான். "கடிகாரம் செய்யறதை எல்லாரும் பாத்திருக்கோம். உலகம் செய்யறதை யார் பாத்தா? அதோட, கடிகாரத்தை ஒருத்தரா செய்யறார்? பல்சக்கரம் ஒரு இடம், ஸ்பிரிங் ஒரு இடம். அப்போ உலகத்துக்கும் பத்து பேர் இருக்கலாமே?"

என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது பெரியவர்கள் செய்வதைச் செய்தேன். குரலை உயர்த்தினேன். "பெரியவா எல்லாம் முட்டாளா?" என்றேன். அன்று சாப்பாட்டில் யாரும் பேசவில்லை. போளி அப்படியே மீந்தது.

மனசு கேட்காமல் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். அவன் கேட்ட இரண்டு கேள்விகளையும் சுமார் 900 வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். அவர் நாஸ்திகர் அல்ல. பகவத் ராமானுஜர். இடம் ஸ்ரீபாஷ்யம், முதல் அத்தியாயம், முதல் பாதம், மூன்றாவது சூத்திரத்தின் வியாக்கியானம். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

விஷயத்துக்கு வருவதற்கு முன் அனுமானம் என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே தீ இருக்கிறது. எதனால்? எங்கெல்லாம் புகையோ அங்கெல்லாம் தீ; சமையலறையில் பார்த்திருக்கிறோம். இந்த "எங்கெல்லாம்" என்பதற்குத்தான் வியாப்தி என்று பெயர். அனுமானத்தின் உயிர் அதில் இருக்கிறது. இதைத் திருப்பிப் போட்டு, எங்கெல்லாம் தீயோ அங்கெல்லாம் புகை என்று சொல்ல முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டையில் தீ உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை. இந்த ஈர விறகுக்கு உபாதி என்று பெயர் வைத்தார்கள். பரிசோதனைக்கூடத்தில் இரண்டு அளவுகள் சேர்ந்தே ஏறுகின்றன என்றால், மூன்றாவதாக ஒன்று பின்னால் இருக்கிறதா என்று தேடுகிறோம் அல்லவா, அதே ஜாக்கிரதைதான். நம் தார்க்கிகர்களை நான் மதிப்பது இந்தக் கறார்த்தனத்துக்காக.

நியாய தரிசனத்தின் ஈஸ்வர அனுமானம் மிகவும் எளிமையானது. பூமி, முளை முதலியவை ஒரு கர்த்தாவால் உண்டானவை, காரியமாக இருப்பதால், குடம் போல. குடத்துக்குக் குயவன், உலகத்துக்கு ஈஸ்வரன்.

இதன் மேல் முதல் அடி பௌத்தர்களிடமிருந்து வந்தது. ஏழாம் நூற்றாண்டின் தர்மகீர்த்தி பிரமாணவார்த்திகத்தில் ஒரு புற்றைக் காட்டுகிறார். குடமும் மண், புற்றும் மண். மண்ணால் ஆன உருவம் என்பதால் குடத்தைக் குயவன் செய்தான் என்றால், புற்றையும் குயவன்தான் செய்தானா? "அமைப்பு" என்ற ஒரே வார்த்தை இரண்டுக்கும் பொருந்துகிறது என்பதற்காக இரண்டும் ஒரே ஜாதி ஆகிவிடாது என்பது அவர் வாதம். கறையானைக் கொண்டு தர்க்கம் செய்த இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது.

இதற்கெல்லாம் பதில் சொல்ல எழுந்தவர் மிதிலையின் உதயனாசார்யர். அவருடைய நியாயகுசுமாஞ்ஜலி முழுக்க முழுக்க ஈஸ்வரனை நிரூபிப்பதற்கென்றே எழுதப்பட்ட நூல். ஐந்து ஸ்தபகங்கள், அதாவது ஐந்து பூங்கொத்துகள். அவரைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. பூரி ஜகந்நாதரைத் தரிசிக்கப் போனபோது சந்நிதிக் கதவு சாத்தியிருந்ததாம். "ஐசுவரிய மதத்தில் என்னை அலட்சியம் செய்கிறாய், பௌத்தர்கள் வரும்போது உன் இருப்பே என் கையில்தான் என்பதை மறந்துவிட்டாயோ?" என்கிற பொருளில் ஒரு சுலோகம் சொன்னாராம். பகவானிடம் இவ்வளவு உரிமையோடு பேசிய தர்க்க வாத்தியார் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

நாஸ்திகனின் "கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே இல்லை" என்ற வாதத்தை அவர் மூன்றாம் ஸ்தபகத்தில் கையாளும் விதம் அலாதி. பார்க்காதது இல்லை என்றால், சார்வாகன் வீட்டை விட்டு வெளியே வந்ததும் மனைவி மக்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். உடனே எல்லோரும் போய்விட்டார்கள் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழ வேண்டியதுதான்! தெரிந்தாக வேண்டிய ஒரு பொருள் தெரியாவிட்டால் மட்டுமே அது இல்லை என்று சொல்லலாம். இதற்கு யோக்ய அனுபலப்தி என்று பெயர். பௌதிகம் படித்தவர்களுக்கு இரண்டு உதாரணம் உடனே நினைவுக்கு வரும். ஈதர் என்று ஒன்று இருந்தால் 1887ல் மைக்கல்சனும் மார்லியும் செய்த சோதனையில் அது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, பிற்பாடு கைவிட்டோம். ஆனால் பாலி 1930ல் ஊகித்த நியூட்ரினோ அப்போதைய கருவிகளுக்குத் தெரியக்கூடியதே அல்ல. பொறுத்திருந்தார்கள், 1956ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே "தெரியவில்லை, அதனால் இல்லை" என்று யாராவது உங்களிடம் சொன்னால், உதயனர் பதில் போதும்.

ஆனால் "இல்லை என்று நிரூபிக்க முடியாது" என்பது "உண்டு" என்பதற்கு நிரூபணம் ஆகாது. அதற்கு ஐந்தாம் ஸ்தபகத்தில் எட்டோ ஒன்பதோ ஹேதுக்களை அடுக்குகிறார். அணுக்களைச் சேர்த்து வைக்க ஒரு சேதனன் வேண்டும், உலகம் விழாமல் தாங்க ஒருவன் வேண்டும், நெசவு, குயவுத் தொழில் போன்றவற்றை முதன்முதலில் கற்பிக்க ஒரு குரு வேண்டும், இப்படிப் போகிறது. இவற்றில் எனக்கு மிகவும் ருசித்தது எண்ணை வைத்துச் சொன்ன வாதம். வைசேஷிகர்களின் கணக்கில் அணுவுக்குப் பருமன் கிடையாது என்றே சொல்லலாம். இரண்டு அணு சேர்ந்தால் அந்தச் சேர்க்கைக்குப் பருமன் எங்கிருந்து வரும்? "இரண்டு" என்ற எண்ணிக்கையிலிருந்து. ஆனால் ஒன்று என்பது பொருளில் இருக்கிறது. இரண்டு, மூன்று என்பதோ எண்ணுகிற ஒரு புத்தி இருந்தால்தான் உண்டாகும். சிருஷ்டியின் ஆரம்பத்தில் ஜீவர்களுக்கு உடம்பும் இல்லை, மனசு வேலை செய்யவும் இல்லை. அப்போது எண்ணியது யார்? எண்ணிப் பார்க்க ஒருவன் இருந்தாக வேண்டும் என்கிறார். இன்றைய அணுவியல் இந்த அடிப்படையை ஏற்காது என்பது வேறு விஷயம். எண் என்பது பொருளில் இருக்கிறதா, மனசில் இருக்கிறதா என்ற கேள்வியை இன்றைக்கும் கணித தத்துவம் படித்தவர்கள் விட்டபாடில்லை.

இப்போது ராமானுஜருக்கு வருகிறேன். காலத்தில் உதயனருக்குச் சற்றுப் பிந்தியவர். 2017ல் ஆயிரமாவது திருநட்சத்திரம் கொண்டாடினோம். பிரும்மத்தை அனுமானத்தாலேயே அறிந்துகொள்ளலாம், அதற்கு சாஸ்திரம் எதற்கு என்ற பூர்வபட்சத்தை முதலில் அவரே மிகவும் பலமாக நிறுத்துகிறார். பிறகு பிரிக்கத் தொடங்குகிறார். குடம் ஒரே சமயத்தில் ஒரே ஆள் செய்தது என்று கண்டிருக்கிறோம். மலை, கடல், பூமி எல்லாம் ஒரே சமயத்தில், ஒரே கர்த்தாவால் உண்டாயின என்பதற்கு என்ன பிரமாணம்? வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கர்த்தாக்கள் ஏன் செய்திருக்கக் கூடாது? புண்ணிய விசேஷத்தால் பெரிய சக்தி பெற்ற ஜீவர்களே செய்திருக்கலாமே? அதற்கும் மேல், குடத்தை உதாரணமாக எடுத்தால் குயவனையும் முழுசாக எடுக்க வேண்டும். நாம் கண்ட எந்தக் குயவனுக்கும் உடம்பு உண்டு, அறிவுக்கும் சக்திக்கும் எல்லை உண்டு, கர்மாவும் உண்டு. அந்த உதாரணத்தை நம்பினால் கிடைப்பது உடம்புள்ள, எல்லாம் தெரியாத ஒரு கர்த்தாதான். சர்வக்ஞனான பரமாத்மா அந்த அனுமானத்தில் அகப்பட மாட்டான்.

அதாவது, என் பேரனின் முதல் கேள்வியும் இங்கே இருக்கிறது, இரண்டாவதும் இருக்கிறது, அவனுக்குத் தோன்றாத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூம் இதே வாதங்களைச் சொன்ன நூல் அவர் காலமான பிறகு 1779ல் வெளிவந்தது. ஒரு கப்பலைப் பல தச்சர்கள் கட்டுவதில்லையா என்று அவரும் கேட்கிறார். மேல்நாட்டுத் தத்துவ வகுப்பில் இது பெரிய திருப்புமுனை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஸ்ரீபாஷ்யம் அதற்கு ஆறு நூற்றாண்டுகளாவது முந்தியது. ஒருவர் மதத்தைச் சந்தேகித்துச் சொன்னது. மற்றவர் பக்தியில் ஊறி நின்று சொன்னது.

நான் ஸ்மார்த்தன். எங்கள் ஆசார்யரை விட்டுவிட்டால் வீட்டில் கேட்பார்கள். சங்கரரும் இரண்டாவது சூத்திரத்தின் பாஷ்யத்திலேயே இதைச் சொல்லிவிட்டார். பிரும்மம் இந்திரியங்களுக்கு விஷயம் அல்ல. ஆகவே உலகத்துக்கும் பிரும்மத்துக்கும் உள்ள காரிய-காரண சம்பந்தத்தைக் கண்டு வியாப்தி போட வழியே இல்லை. சூத்திரகாரர் அங்கே அனுமானத்தைச் சொல்ல வரவில்லை; வேதாந்த வாக்கியங்களைக் கோக்கத்தான் வந்தார் என்கிறார். எங்களவர் நாலு வரியில் சொல்லிவிட்டுப் போனதை உங்களவர் நாலு பக்கத்தில் சொன்னார் என்று ஒரு ஐயங்கார் நண்பரிடம் சொன்னேன். "நாலு வரி உங்களுக்குப் புரியலைன்னுதான்" என்றார்.

மேல்நாட்டு வாதங்களுக்குள் அதிகம் போகவில்லை. அன்ஸெல்ம் பதினோராம் நூற்றாண்டில், கடவுள் என்ற கருத்திலேயே அவர் இருப்பு அடக்கம் என்று காட்டப் பார்த்தார். இருப்பது என்பது ஒரு பொருளின் குணம் அல்ல என்று கான்ட் 1781ல் அதற்குப் பதில் எழுதினார். பேலியின் கடிகாரம் 1802ல் வந்தது. உயிரினங்களைப் பொறுத்தவரை 1859ல் டார்வின் அதன் சாவியைப் பிடுங்கிவிட்டார்.

நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். "இப்போது சயன்ஸே கடவுளை நிரூபித்துவிட்டது" என்ற பேச்சு. பெருவெடிப்பைச் சொல்கிறார்கள், பிரபஞ்சத்தின் எண்கள் உயிர் வாழ்வதற்கென்றே அளந்து வைத்தாற்போல் இருக்கின்றன என்கிறார்கள். பின்னது அலட்சியம் செய்யத்தக்க வாதம் அல்ல. நட்சத்திரங்களுக்குள் போதுமான கார்பன் உண்டாக வேண்டுமானால் அதன் அணுக்கருவில் ஒரு குறிப்பிட்ட சக்திநிலை இருந்தாக வேண்டும் என்று பிரெட் ஹாயில் 1953ல் கணக்குப் போட்டுச் சொன்னார். தேடிப் பார்த்தபோது சுமார் 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் அது இருந்தது. மதநம்பிக்கை இல்லாத அவரையே பிற்காலத்தில் ஆட்டிவைத்த விஷயம் இது. ஆனாலும் வியாப்தி எங்கே? சமையலறைகளைப் பல பார்த்ததால்தான் மலையைப் பற்றிப் பேச முடிந்தது. பிரபஞ்சம் நமக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. 1951ல் போப் பன்னிரண்டாம் பயஸ், பெருவெடிப்பு சிருஷ்டிக் கொள்கைக்குச் சாதகம் என்கிற மாதிரி பேசினார். அதை ரசிக்காதவர் யார் தெரியுமா? அந்தக் கொள்கைக்கு வித்திட்டவரும் கத்தோலிக்கப் பாதிரியாருமான லெமேத்ர். பௌதிகம் நாளைக்கு மாறினால் பகவானையும் கூடவே மாற்ற முடியுமா?

அனுமானம் போதாது என்றால், எதிர்வாதம் ஜெயித்துவிட்டதா? அந்தப் பக்கத்தில் உள்ள பெரிய ஆயுதம் துக்கம். அதையும் வெளியார் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வேதத்துக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய குமாரில பட்டரே சுலோகவார்த்திகத்தில் கேட்கிறார். கருணையால் சிருஷ்டித்தான் என்றால், சிருஷ்டிக்கு முன்னால் கருணை காட்ட யார் இருந்தார்கள்? கருணையே காரணம் என்றால் சுகத்தை மட்டும் படைத்திருக்க வேண்டாமா? உடம்பு இல்லாதவன் எதைக் கொண்டு செய்தான்? யாகம் பண்ணுவதில் அணுவும் பிசகாத மீமாம்சகர்கள், சிருஷ்டிகர்த்தா ஒருவன் வேண்டாம் என்றே சொன்னார்கள். சந்தியாவந்தனம் பண்ணிக்கொண்டே இதைச் சொல்ல நம் மரபில் இடம் இருந்தது.

கர்மாவை அனுசரித்தே ஈஸ்வரன் பலன் தருகிறான், ஆகவே அவனுக்குப் பட்சபாதமும் இல்லை, குரூரமும் இல்லை என்பது பிரும்மசூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் சமாதானம். சம்சாரம் அநாதி, ஆகவே முதல் கர்மா எது என்று கேட்க முடியாது. வாதமாகப் பார்த்தால் ஓட்டை இல்லாதது. 1974ல் என் தம்பி 21 வயதில் மஞ்சள்காமாலையில் போனான். துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர் அம்மாவிடம், "எல்லாம் அவன் கர்மா" என்றார். அம்மா நிமிர்ந்து பார்த்து, "அவன் கர்மாவை நீர் பாத்தீரா?" என்று கேட்டாள். மூன்றாம் வகுப்பு படித்தவள். பிரத்யட்சம் இல்லாத இடத்தில் எப்படி அனுமானம் செய்தீர் என்று நையாயிகன் கேட்கும் கேள்வி அது. பதிமூன்று நாள் கழிந்ததும் சாயங்காலம் சுவாமி விளக்கை வழக்கம்போல் ஏற்றினாள். ஏன் ஏற்றுகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. அந்தச் சமாதானத்தை ஒரு தரிசனத்தின் பகுதியாக நான் ஏற்கிறேன். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, நம்மவர்கள் எதை நம்பி நின்றார்கள்? சப்தப் பிரமாணத்தை. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வேதம் ஈஸ்வரன் சொன்னது, ஆகவே பிரமாணம் என்பது நியாய மதம். அப்படியானால் ஈஸ்வரன் உண்டு என்பதற்கு அதே வேதத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது, வட்டமாகிவிடும். அதனால்தான் உதயனருக்கு அனுமானம் இல்லாமல் தீராது. வேதாந்திகளுக்கு வேதம் யாரும் இயற்றாதது. ஆகவே அவர்களுக்கு இந்த வட்டம் இல்லை. உண்டான ஞானம் பொய் என்று ஏதாவது ஒன்று காட்டும்வரை அது மெய்யே என்பது மீமாம்சகர்களும் அவர்களும் எடுத்துக்கொண்ட அடிப்படை. நாம் கண்ணை நம்புவதும் அப்படித்தான். கண் சரியாக இருக்கிறது என்று முதலில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு யாரும் பார்ப்பதில்லை.

இது பேரனைத் திருப்தி செய்யுமா? செய்யவில்லை. போன வருஷம் ஸ்ரீபாஷ்யப் பகுதியின் மொழிபெயர்ப்பை அவனுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் அன்றைக்குக் குரலை உயர்த்தியதற்கு வருத்தம் தெரிவித்தேன். பூர்வபட்சத்தைக் கேட்டுவிட்டு, "இது நீங்க சொன்ன கடிகாரம்" என்றான். பதிலைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அப்போ ராமானுஜர் என் கட்சியா?" என்றான். "பாதி தூரம்" என்றேன். யாரும் இயற்றாத நூல் என்பதை நான் எப்படி ஒப்புக்கொள்வது என்று அடுத்த கேள்வியைப் போட்டான். அதற்குக் குமாரிலரின் வாதங்களை நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். வாரம் ஒரு நாள் டெலிபோனில் பேசுகிறோம். நிரூபணம் ஆகிவிட்டது என்று அவனிடம் பொய் சொல்லி முடித்திருந்தால் அந்தப் பேச்சே நடந்திராது.

உதயனர் தம் நூலின் தொடக்கத்திலேயே ஒன்று சொல்கிறார். சிரவணத்துக்குப் பின் வரும் மனனம்தான் இந்தத் தர்க்கம். இதுவே ஓர் உபாசனை. இத்தனை வாதம் செய்தவர் நூலின் முடிவில் பகவானிடம் ஒரு விண்ணப்பமும் வைக்கிறார். உன்னை மறுக்கிறவர்களும் மறுப்பதற்காகவே உன்னையே ஓயாமல் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலம் வரும்போது அவர்களையும் நீதான் கரையேற்ற வேண்டும் என்கிற பொருளில். தர்க்கத்தில் எதிரியைத் துளியும் விட்டுக்கொடுக்காதவர், அவனுக்காகவே சிபாரிசு செய்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறார்.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். அதைச் செய்தவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. கேள்விகள் இருந்தால் காபிக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.